மொறிஸ் மைனருக்கு ஹசாட் லைற் செற்: எதை வாங்கலாம், எதை விடவேண்டும்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர்களில் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. நான்கு மூலைச் சிக்னலும் ஒன்றாக மின்னாது. பகலில் ஊருக்குள் ஓடும்வரை இது உறைக்காது. இரவு ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் கார் இருப்பதைச் சொல்லத் தொழிற்சாலை வைத்த சின்னச் சிவப்பு லைற்றைத் தவிர வேறொன்றுமில்லை. ஆகவே நான்கு சிக்னலையும் ஒன்றாக மின்னவைக்கும், வெளியில் விற்கும் ஹசாட் செற் ஒன்றைப் போடுவது நல்ல முடிவு. பிரித்தானியச் சட்டம்கூட 1986 ஏப்ரல் 1க்கு முன் வீதிக்கு வந்த வாகனங்களிடம் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளவேண்டிய பொருள் இது.

சந்தையில் மூன்று வகை இருக்கிறது. நான்கு வயர் மட்டும் வெளியே வரும் இழுப்புச் சுவிச் ஒன்று. ஆறு முனைச் சுவிச்சும், லைற்றை விட்டுவிட்டு மின்னவைக்கும் தனி பிளாஷரும் சேர்ந்த செற் இரண்டாவது. சிக்னல் வயர்களில் தட்டி எடுத்துப் பூட்டும் எலெக்ரோனிக் பெட்டி மூன்றாவது. மைனருக்கு வாங்கவேண்டியது ஆறு முனைச் செற். அதிலும் கூடவரும் பிளாஷரை நம்பவேண்டாம். நான்கு வயர்ச் சுவிச்சை இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

நான்கு வயர்ச் சுவிச் ஏன் ஆகாது

மலிவும் சுலபமும் அதற்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ஒரு வயர் பற்றரிக்கு, ஒன்று இடது சிக்னலுக்கு, ஒன்று வலது சிக்னலுக்கு, ஒன்று ஏர்த்துக்கு. பிளாஷர் சுவிச்சின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அரை மணியில் வேலை முடியும், நான்கு லைற்றும் அழகாக மின்னும், எல்லாம் சரி என்றே தோன்றும்.

குறை சிக்னல் தடியைத் திருப்பியபடி விட்டால்தான் தெரியும். மைனரின் சிக்னல் பாதை இது: இக்னிஷன் வெள்ளை வயரிலிருந்து பியூஸ் பெட்டியின் A3, பியூஸைத் தாண்டி A4, அங்கிருந்து பச்சை வயர் பிளாஷரின் B முனைக்கு, L முனையிலிருந்து இளம்பச்சை-மண்ணிறம் தடிக்கு, தடியிலிருந்து பச்சை-சிவப்பு இடப்பக்கம், பச்சை-வெள்ளை வலப்பக்கம். திறப்பை எடுத்துவிட்டு, தடி இடப்பக்கம் இருக்க, ஹசாட்டை இழுத்துப் பாருங்கள். பற்றரிக் கரண்ட் பச்சை-சிவப்பில் புகுந்து, தடி வழியாகத் திரும்பி நடந்து, வண்டியின் சொந்தப் பிளாஷரைத் தாண்டிப் பச்சை வயருக்குப் போகிறது. பச்சையில்தான் வைப்பர், பிரேக் லைற் சுவிச், பெற்றோல் மீற்றர் எல்லாம் தொங்குகின்றன. அங்கேயும் நில்லாமல் பியூஸைப் பின்பக்கமாகக் கடந்து வெள்ளை வயருக்கும், அதன் வழியே இக்னிஷன் கொயிலுக்கும் துடித்துத் துடித்துப் போய்ச்சேரும். எஞ்சின் நின்று பொயின்ற் மூடியிருந்தால் கொயில் சும்மா சூடாகும். எஞ்சின் ஓடும்போது திறப்பை அணைத்தால் உடனே நிற்காமல் இழுபடலாம். எவ்வளவு கரண்ட் திரும்பும் என்பது வண்டியின் சொந்தப் பிளாஷரைப் பொறுத்தது. லூக்கஸ் கம்பனியின் பழைய FL5 வகைப் பிளாஷர் ஓய்வில் கொஞ்சம் தடுக்கும். 8FL ஓய்வில் மூடிய தொடர்புள்ளது, அது தாராளமாக விடும்.

திறப்புப் போட்டிருக்கும்போதும் நிம்மதியில்லை. இரண்டு பிளாஷரும் தத்தம் தாளத்தில் ஒரே பல்புக்குக் கரண்ட் கொடுக்க, மின்னல் தடுமாறும்.

நல்ல ஹசாட் சுவிச் எதையெதை இணைக்கிறது என்று பார்க்கிறவர்கள், அது எதைத் துண்டிக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இழுத்தவுடன் வண்டியின் சொந்தப் பிளாஷருக்கு வரும் பச்சை வயர் அறுபடவேண்டும். அறுந்தால் மேலே சொன்ன திரும்பு பாதை முழுவதும் செத்துப்போகும். நான்கு வயர்ச் சுவிச்சில் அந்த வேலை செய்ய முனையே கிடையாது.

ஆறு முனைச் செற்

முறையான சுவிச்சில் ஆறு முனைகள்: பச்சை உள்ளே, பச்சை வெளியே, ஹசாட் பிளாஷரிலிருந்து வரும் வயர், இடது, வலது, சுவிச்சின் குமிழுக்குள் எரியும் சின்ன விளக்கு. ஓய்வில் பச்சை இரண்டும் ஒட்டியிருக்கும், மற்ற நான்கும் தனித்தனி. இழுத்தால் பச்சை இரண்டும் பிரியும், மற்ற நான்கும் ஒன்றுசேரும். குமிழ் விளக்கின் ஏர்த்துக்கு ஏழாவதாக ஒரு வயர் தனியாக வரலாம்.

முனைகளில் பொறித்த இலக்கங்களையும், கூடவரும் சிறு தாளில் உள்ள படத்தையும் நம்பி வயர் கொழுவவேண்டாம். ஒரே தோற்றமுள்ள சுவிச்சுகள் உள்ளே வேறுவேறு ஒழுங்கில் வருகின்றன. மல்ரிமீற்றரைச் சத்தம்போடும் நிலையில் வைத்து, ஓய்வில் எந்த இரண்டு முனை ஒட்டியிருக்கிறது, இழுத்தால் எவை சேர்கின்றன என்று பார்த்து, ரேப் துண்டில் எழுதி ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை. ஓய்வில் ஒட்டும் சோடி ஒன்றுமே இல்லையென்றால் அது வேறு வேலைக்கான சுவிச், கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

குமிழ் விளக்கைச் சுவிச்சைத் தாண்டிய முனையில் கொடுக்காமல் ஹசாட் பிளாஷரின் வெளிமுனையிலேயே கொழுவுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஹசாட் பிளாஷருக்குப் பற்றரி எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. ஓய்வில் மூடியிருக்கும் வெப்பப் பிளாஷரானால், சின்னப் பல்ப் இரவு பகலாக எரிந்து பற்றரியைக் குடிக்கும். அதை இடது சிக்னல் முனையில் கொடுத்தால், இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹசாட் குமிழும் மின்னும். இந்தக் குமிழை வேண்டாமென்று விடவும் கூடாது. மைனரின் தடி நுனியில் மின்னும் பச்சைப் பொட்டு சொந்தப் பிளாஷரின் P முனையிலிருந்து வருகிறது. ஹசாட் போடும்போது அந்தப் பிளாஷர் வேலைசெய்யாததால் பொட்டும் எரியாது.

செற்றில் வரும் வயர் பெரும்பாலும் மெல்லியது, இதுதான் எங்கள் பெரிய முறைப்பாடு. கணக்கைப் பாருங்கள். ஒரு சிக்னல் பல்ப் 21 வாற். நான்குக்கும் 84 வாற், 12 வோல்ற்றில் 7 அம்பியர். ஒரு பக்கத்துக்கு 3.5 அம்பியர். பற்றரியிலிருந்து ஹசாட் பிளாஷருக்கும், அங்கிருந்து சுவிச்சுக்கும் போகும் வயர் முழு 7 அம்பியரையும் சுமக்கிறது. இந்த இரண்டு துண்டுக்கும் 28/0.30 எனப்படும் 2.0 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், அது 17.5 அம்பியர் தாங்கும். இடது, வலது, பச்சை வயர்களுக்கு 14/0.30, அதாவது 1.0 சதுர மில்லிமீற்றர் போதும், அது 8.75 அம்பியர் தாங்கும்.

வாங்கவேண்டியது இவ்வளவுதான்: தடித்த மண்ணிற வயர் 2 மீற்றர், தடித்த இளம்பச்சை-மண்ணிறம் அரை மீற்றர், மெல்லிய பச்சை 2 மீற்றர், பச்சை-சிவப்பும் பச்சை-வெள்ளையும் ஒவ்வொரு மீற்றர், 6.3 மில்லிமீற்றர் தட்டை முனைகள் உறையோடு 12, லூக்கஸ் வகை 4.7 மில்லிமீற்றர் குண்டு முனைகள் 4, நான்கு வாய் றப்பர் இணைப்பு 2, வயரோடு வரும் பிளேட் பியூஸ் கூடு ஒன்று, 15 அம்பியர் பியூஸ் இரண்டு. இரண்டாவது பியூஸ் வண்டியிலேயே இருக்கட்டும்.

பியூஸில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மைனரின் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழ பாதிதான். இன்றைய பிளேட் பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பிளேட் கூட்டில் 35 போட்டால், வயர் எரிந்து முடியும்வரை பியூஸ் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிளாஷர்தான் செற்றின் பலவீனம்

மைனரின் சொந்த பிளாஷர் 42 வாற்றுக்கு, அதாவது இரண்டு 21 வாற் பல்புக்குச் செய்தது. அதை 84 வாற்றில் ஓட்டினால் அதன் தாளம் கெட்டு, ஆயுளும் குறையும். ஹசாட்டுக்குத் தனிப் பிளாஷர் வேண்டும், அதுவும் எத்தனை பல்ப் எரிந்தாலும் ஒரே தாளத்தில் மின்னுவது வேண்டும். விபத்தில் ஒரு மூலை நொறுங்கினாலும் மற்ற மூன்றும் மின்னத்தானே இதைப் போடுகிறோம். லூக்கஸ் தன் ஹசாட் வண்டிகளுக்கென்றே 9FL என்று தனியாகச் செய்தது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னுவது சரியான வேகம்.

மலிவுச் செற்றில் வரும் பிளாஷர் பெரும்பாலும் மூன்று கால் எலெக்ரோனிக் வகை. இங்கே இரண்டு குழி. முதலாவது கால்களின் பெயர். பழைய லூக்கஸ் மூன்று காலில் B, L, P. புதியதில் B, L, E. P தடி நுனி விளக்குக்குப் போவது, E ஏர்த்துக்குப் போவது. வடிவம் ஒன்றாக இருப்பதால் ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகிவிடுகிறார்கள், பிறகு ஏன் மின்னவில்லை என்று பல்பை மாற்றுகிறார்கள். ஐரோப்பிய வகையில் 49 பற்றரி, 49a லைற், 31 ஏர்த்.

இரண்டாவது குழி ஆழமானது. மைனர் கடைசிவரை பொசிற்றிவ் ஏர்த் வண்டியாகவே, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடியில் பூட்டிய வண்டியாகவே வந்தது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேற்றர் பூட்டியிருந்தால் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். உங்கள் வண்டி எது என்பதைப் பற்றரியின் எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவெடுங்கள், சொல் கேட்டு அல்ல. ஏர்த் கால் உள்ள எலெக்ரோனிக் பிளாஷர் பொசிற்றிவ் ஏர்த்தில் வேலைசெய்யாது. இரண்டு கால் மட்டும் உள்ள எலெக்ரோனிக் பிளாஷர் செய்யும், ஆனால் கால்களை மாற்றிக் கொழுவவேண்டும்: பற்றரி வயர் L காலுக்கு, லைற் வயர் B காலுக்கு. வெப்பத்தில் இயங்கும் பழைய வகைக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். பொசிற்றிவ் ஏர்த் வண்டிக்கு 84 வாற் தாங்கும் இரண்டு கால் வகையைத் தனியாக வாங்கி, செற்றில் வந்ததை ஒதுக்கிவிடுவதே எங்கள் சிபார்சு. குமிழுக்குள் எல்.ஈ.டி இருந்தால் அதன் திசையும் மாறும். பழைய இழைப் பல்புள்ள குமிழ் என்றால் தொல்லையில்லை.

எலெக்ரோனிக் பெட்டிகளை நாங்கள் ஒதுக்குவதற்கும் இதுதான் காரணம். நெகற்றிவ் ஏர்த்துக்கு மட்டுமே செய்தவை அதிகம், பெட்டியில் அதை எழுதுவதும் குறைவு. நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றி, எல்லாப் பல்பும் எல்.ஈ.டி ஆக்கிய வண்டிக்கு மட்டும் யோசிக்கலாம்.

பூட்டும் வேலை

முதலில் பற்றரியின் ஏர்த் பட்டையைக் கழற்றுங்கள். சுவிச்சுக்காக டாஷ்போட்டில் ஓட்டை போடவேண்டாம். மைனரின் தட்டுக்குக் கீழே, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு இரும்புத் தகட்டை வளைத்து, ஏற்கெனவே இருக்கும் திருகாணியிலேயே பூட்டிவிடலாம். நாளை கழற்றினால் தடம் தெரியாது.

பற்றரிக் கரண்ட்டைப் பியூஸ் பெட்டியின் A1 முனையில், மண்ணிற வயர் வந்துசேரும் இடத்தில் எடுங்கள். பியூஸைத் தாண்டிய A2வில் எடுத்தால், ஹோர்ன் பியூஸ் போகும் நாளில் ஹசாட்டும் போகும். A1இலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிளேட் பியூஸ் கூடு வந்துவிடவேண்டும். கூட்டுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால் அது எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்லது. கொன்ற்றோல் பெட்டியிலும் A1 என்று ஒரு முனை இருக்கிறது, பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வயர் தகட்டு ஓட்டையில் உராயாமல் றப்பர் வளையம் போடுங்கள்.

அடுத்தது பச்சை. சொந்தப் பிளாஷரின் B முனையில் இருக்கும் பச்சை வயரைக் கழற்றி, புதுப் பச்சை வயர் ஒன்றால் நீட்டிச் சுவிச்சின் ‘பச்சை உள்ளே’ முனைக்குக் கொண்டுபோங்கள். ‘பச்சை வெளியே’ முனையிலிருந்து இன்னொரு வயரைத் திருப்பிக் கொண்டுவந்து அதே B முனையில் பூட்டுங்கள். மூல வயர் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடது, வலதுக்கும் அப்படியே. தடியிலிருந்து இறங்கும் வயர்கள் குண்டு முனைகளால் வண்டி வயரோடு சேரும் இடத்தைத் தேடி, அங்குள்ள இரண்டு வாய் றப்பரைக் கழற்றி நான்கு வாய் றப்பரைப் போட்டு, காலியான வாயில் புது வயரின் குண்டைத் தள்ளுங்கள். வாங்கிய நான்கு வாயும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்று மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள். வயரைக் கடித்துப்பிடிக்கும் நீலக் கிளிப் செற்றில் வந்தால் எடுத்து எறியுங்கள். அது பழைய செப்பிழையில் பாதியை நறுக்கி, மிச்சத்துக்குள் ஈரத்தை விடும். கடற்காற்று வீசும் ஊரில் இரண்டு மாரி தாங்காது.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடையின்போது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடி ஊரைச் சுமந்த வண்டிகள் இவை. கைக்குக் கிடைத்த வயரால் போட்ட ஒட்டுகள் இன்னும் உள்ளே இருக்கலாம். பச்சை-சிவப்பு என்று தெரிவதை, தடியை இடப்பக்கம் போட்டு, சோதனை பல்பால் உறுதிசெய்த பிறகே தொடுங்கள்.

கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் சிக்னலோடு வந்த 1961க்கு முந்திய வண்டிகளுக்கு இந்தச் செற் நேராகப் பொருந்தாது. பிரேக் பல்பே சிக்னலாகவும் மின்னும் வண்டிகளுக்கும் அப்படித்தான். அவற்றில் DB10 என்ற லூக்கஸ் றிலே பிரேக்கையும் சிக்னலையும் பிரித்துக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் ஹசாட்டைச் சொருகினால், பிரேக்கை மிதித்தவுடன் பின்லைற் இரண்டும் மின்னாமல் நிலையாக எரியும். இந்த வண்டிகளுக்கு முன்னும் பின்னும் தனி மஞ்சள் லைற் வைத்து, அவற்றை மட்டும் ஹசாட்டில் ஓட்டுவதே சுத்தமான வழி.

பூட்டியபின் மங்கலாக மின்னினால்

செற்றைக் குறைசொல்லுமுன் ஏர்த்தைப் பாருங்கள். மைனரின் லைற்றுகள் கூட்டின் தகடு வழியாகப் பொடியில் ஏர்த் ஆகின்றன. துருவும் புதுப் பெயின்றும் அந்தப் பாதையை அடைத்துவிடும். சிக்னல் மின்னும்போது பக்கத்துப் பார்க் லைற்றும் சேர்ந்து மினுங்கினால் ஏர்த் கெட்டது நிச்சயம். மின்னும் லைற்றில் மீற்றர் பிடிப்பது கஷ்டம், அதனால் ஹசாட் பிளாஷரின் பற்றரிக் காலையும் லைற் காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து லைற்றுகளை நிலையாக எரியவிட்டு அளவெடுங்கள். பல்பின் உலோக உடலுக்கும் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் வந்தால் கூட்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள், அல்லது தனி ஏர்த் வயர் இழுங்கள். பற்றரியின் மற்ற முனைக்கும் பல்பின் நடுப்பொட்டுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் இழந்தால், இணைப்பு முனை ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. கையால் தொட்டால் சூடாக இருப்பதுதான் அது. பல்ப் 382 என்ற 21 வாற் வகைதானா என்றும் பாருங்கள். 5 வாற் பல்பைச் செருகிவிட்டு வெளிச்சம் போதவில்லை என்பவர்களும் உண்டு.

பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பார்கள். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரி 3.5 அம்பியர். 40 அம்பியர்-மணிப் பற்றரி கணக்குப்படி பதினொரு மணிநேரம் கொடுக்கவேண்டும். வயதான பற்றரியில் இரண்டு மூன்று மணிக்குப் பிறகு ஸ்ராற்றர் சுற்றுமென்று எதிர்பார்க்கவேண்டாம். பட்டறைக்குப் போய்ச்சேரும்வரை, எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்ரார்ட் பண்ணும் கைப்பிடிக் கம்பி டிக்கியில் இருக்கட்டும்.

கடைசிச் சோதனை இது. திறப்பை எடுங்கள். ஹசாட்டை இழுங்கள். நான்கு லைற்றும் மின்னும்போது தடியை இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் தள்ளி, பெற்றோல் மீற்றர் முள்ளைப் பாருங்கள். முள் அசையக்கூடாது. A4 முனையில் மீற்றர் வைத்தால் பூச்சியம் காட்டவேண்டும். முள் துடித்தாலோ, A4இல் வோல்ற் குதித்தாலோ பச்சை வயர் அறுபடவில்லை. பச்சை இரண்டையும் தவறான முனையில் கொழுவியிருக்கிறீர்கள், அல்லது சுவிச்சின் உள்தொடர்பு ஒட்டிப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை பிளேட் பியூஸைக் கழற்றி வையுங்கள்.